எத்தனை பவுண்டு இன்ஜெக்டர்?

ஃபோர்டு நிறுவனத்தின் 2003-ஆம் ஆண்டு மஸ்டாங் வரிசையில் இரண்டு கார்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று மஸ்டாங் ஜி.டி. மற்றது மஸ்டாங் எஸ்.வி.டி. கோப்ரா. இரண்டிலும் 4.6 லிட்டர், எட்டு சிலிண்டர் எஞ்சின்தான். ஜி.டி. 260 குதிரைத்திறன் தந்தது. கோப்ராவின் எஞ்சின் மேல் ஈட்டன் எம்112 என்ற சூப்பர்சார்ஜர் உட்கார்ந்திருந்தது. அந்த எஞ்சின் 390 குதிரைத்திறன் தந்தது. அதாவது சரியாக ஒன்றரை மடங்கு.

ஆனால் இன்ஜெக்டர்கள் ஒன்றரை மடங்கோடு நிற்கவில்லை. ஜி.டி.யில் இருந்தவை மணிக்கு 19 பவுண்டு பெட்ரோல் பாய்ச்சக்கூடியவை. கோப்ராவில் 39 பவுண்டு. இரண்டு மடங்குக்கும் மேல். ஃபோர்டின் பொறியாளர்கள் கணக்கில் தாராளம் காட்டிவிட்டார்களா? இல்லை. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், சூப்பர்சார்ஜர் பொருத்திய எஞ்சினுக்கு இன்ஜெக்டர் தேர்ந்தெடுக்கும் முறை முழுவதும் பிடிபட்டுவிடும்.

இன்ஜெக்டர் என்பது மின்சாரத்தால் திறந்து மூடும் ஒரு சின்ன வால்வு. அதற்குப் பின்னால் ரெயில் என்ற குழாயில் பெட்ரோல் அழுத்தத்தோடு காத்திருக்கிறது. எஞ்சின் கணினி மின்சாரம் கொடுத்தால் வால்வு திறக்கும், பெட்ரோல் பீய்ச்சும். மின்சாரம் நின்றால் மூடும். வால்வு பாதி திறந்து நிற்பதில்லை. ஆகவே எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்பதை, எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதை வைத்தே கணினி தீர்மானிக்கிறது. நேரத்தின் அளவு மில்லிசெகண்டு.

சூப்பர்சார்ஜர், எஞ்சினின் பெல்ட்டில் ஓடும் காற்று பம்பு. எம்112 ஒவ்வொரு சுற்றுக்கும் 112 கன அங்குலம், ஏறக்குறைய 1.8 லிட்டர், காற்றை உள்ளே தள்ளுகிறது. எஞ்சின் தானாக உறிஞ்சுவதைவிடக் காற்று மிகுதியாக வருவதால், சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும் மேனிஃபோல்டில் அழுத்தம் ஏறுகிறது. இந்தக் கூடுதல் அழுத்தத்துக்குப் பெயர் பூஸ்ட். கோப்ராவில் அது சுமார் 8 பி.எஸ்.ஐ., அதாவது சதுர அங்குலத்துக்கு 8 பவுண்டு. காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். கூடாவிட்டால் கலவை மெலிந்து, கட்டுப்பாடின்றி வெடிக்கும் நாக்கிங் தொடங்கும், சூடு ஏறும், பிஸ்டன் உடையும் அல்லது உருகும்.

இப்போது கணக்கு. ஒரு குதிரைத்திறனை ஒரு மணி நேரம் தர எஞ்சின் எத்தனை பவுண்டு பெட்ரோல் குடிக்கிறது என்பதே முதல் எண். இதை எரிபொருள் நுகர்வு எண் என்று அழைப்போம். தானாகக் காற்றை உறிஞ்சும் எஞ்சினுக்கு முழு வேகத்தில் இது சுமார் 0.5. சூப்பர்சார்ஜர் உள்ள எஞ்சினுக்கு 0.6 என்று வைத்துக்கொள்வது வழக்கம். காரணம் இரண்டு. பூஸ்டில் ஓடும்போது சூட்டையும் நாக்கிங்கையும் அடக்க வேண்டும். அதனால் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற சமநிலை விகிதத்தை விட்டு, 12-க்குப் பக்கத்தில் கொழுத்த கலவையாகவே கொடுக்கிறார்கள். அடுத்தது, சூப்பர்சார்ஜரைச் சுழற்றும் சக்தியையும் எஞ்சின்தான் தருகிறது. அந்தச் சக்தி சக்கரத்துக்குப் போவதில்லை, ஆனால் அதற்கும் பெட்ரோல் எரிந்தாக வேண்டும்.

இரண்டாவது எண் டியூட்டி சைக்கிள். இன்ஜெக்டருக்குக் கிடைக்கும் மொத்த நேரத்தில் அது எத்தனை சதவீதம் திறந்திருக்கிறது என்பது. நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஓடும் எஞ்சினுக்கு ஒரு சுற்று 10 மில்லிசெகண்டு. நான்கு வீச்சு எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் எரிப்பு. ஆகவே இன்ஜெக்டருக்குக் கிடைப்பது 20 மில்லிசெகண்டு. அதில் 16 மில்லிசெகண்டு திறந்திருந்தால் டியூட்டி சைக்கிள் 80 சதவீதம். 100-ஐ நெருங்கினால் வால்வுக்கு மூடிக்கொள்ளவே நேரம் இருக்காது. திறந்தபடியே கிடக்கும். அதற்குப் பிறகு கணினி எவ்வளவு கேட்டாலும் ஒரு துளிகூட அதிகமாகப் போகாது. இதனால்தான் 80, மிஞ்சினால் 85 சதவீதத்தோடு கோடு போடுகிறார்கள்.

ஜி.டி.யின் 260 குதிரைத்திறனை 0.5-ஆல் பெருக்கினால் மணிக்கு 130 பவுண்டு. எட்டு இன்ஜெக்டருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 16 பவுண்டுக்குச் சற்று மேல். 19 பவுண்டு இன்ஜெக்டரில் அது 86 சதவீதம். கோப்ராவின் 390-ஐ 0.6-ஆல் பெருக்கினால் 234. எட்டால் வகுத்தால் 29 பவுண்டு சொச்சம். 39 பவுண்டு இன்ஜெக்டரில் அது 75 சதவீதம். சக்தி ஒன்றரை மடங்கு, நுகர்வு எண் ஒன்றேகால் மடங்குக்குச் சற்றுக் குறைவு, மிச்சம் பாதுகாப்புக்காக விட்ட இடம். பூஸ்ட் இல்லாத எஞ்சினில் கலவை கொஞ்சம் மெலிந்தால் பிக்கப் குறையும், அவ்வளவுதான். பூஸ்ட் உள்ள எஞ்சினில் அப்படி முடியாது.

கோப்ராவை வாங்கியவர்கள் பலர் அதோடு நிற்கவில்லை. சூப்பர்சார்ஜரின் புல்லியைக் கழற்றிச் சிறியதாக மாற்றினால் அது வேகமாகச் சுழலும், பூஸ்ட் ஏறும். செலவு குறைவு, பலன் அதிகம் என்பதால் அமெரிக்காவில் இது அந்தக் காருக்குப் பேர்போன மாற்றம் ஆனது. 500 குதிரைத்திறனை எட்ட நினைப்பவருக்குக் கணக்கு என்ன சொல்கிறது? 500-ஐ 0.6-ஆல் பெருக்கினால் 300 பவுண்டு. இன்ஜெக்டருக்கு 37.5. பழைய 39 பவுண்டு இன்ஜெக்டரில் அது 96 சதவீதம். புதிதாக வாங்கியே ஆக வேண்டும். 80 சதவீதத்தில் நிற்க 47 பவுண்டு தேவை. இங்கே ஒரு எச்சரிக்கை. டைனோ என்ற அளவு இயந்திரத்தில் ஏற்றிச் சக்கரத்தில் அளந்து வரும் எண்ணை இந்தக் கணக்கில் போடக் கூடாது. கியர்பாக்ஸும் ஆக்ஸிலும் தின்றது போக மிஞ்சியதுதான் அது. இன்ஜெக்டர் பெட்ரோல் ஊற்றுவது முழு எஞ்சினுக்கு.

சரி, 39-க்கு மேல் 42 பவுண்டு என்று ஒரு அளவு கடையில் கிடைக்கிறது. கொஞ்சமாவது உதவுமா? எண்ணை மட்டும் பார்த்து வாங்குபவர் சறுக்கும் இடம் இதுதான். இன்ஜெக்டரின் அளவு எந்த அழுத்தத்தில் எடுக்கப்பட்டது என்று தெரியாவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தம் இல்லை. சந்தையில் பொதுவாக 3 பார், அதாவது 43.5 பி.எஸ்.ஐ.யில் அளப்பார்கள். ஃபோர்டு வழக்கமாகக் குறிப்பிடுவது 2.7 பார், சுமார் 39 பி.எஸ்.ஐ. பாய்ச்சல் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்து மாறும். அந்தக் கணக்கில், 3 பாரில் 42 பவுண்டு பாயும் இன்ஜெக்டர் 2.7 பாரில் 40 பவுண்டைக்கூடத் தொடாது. பணம் கொடுத்து எட்டு இன்ஜெக்டர் வாங்கி, பழையதையே திரும்பப் பொருத்திய கதைதான்.

இந்த வர்க்கமூல விதி இன்னொரு பழைய வழியின் பலவீனத்தையும் காட்டுகிறது. 1990-களில் 5.0 லிட்டர் மஸ்டாங்குக்கு விற்ற சூப்பர்சார்ஜர் கிட்டுகள் பலவற்றில் இன்ஜெக்டரை மாற்ற மாட்டார்கள். பழைய 19 பவுண்டையே வைத்துக்கொண்டு, பூஸ்ட் ஏற ஏற பெட்ரோல் அழுத்தத்தைப் பல மடங்கு ஏற்றும் ஒரு ரெகுலேட்டரைச் சேர்ப்பார்கள். ஒரு பி.எஸ்.ஐ. பூஸ்டுக்குப் பன்னிரண்டு பி.எஸ்.ஐ. பெட்ரோல் அழுத்தம் ஏற்றும் வகைகூட உண்டு. வேலை செய்தது, ஓரளவுக்கு. ஆனால் பாய்ச்சல் இரு மடங்காக வேண்டுமானால் அழுத்தம் நான்கு மடங்காக வேண்டும். அழுத்தம் ஏறினால் பம்பு தரும் அளவு குறையும். மிக அதிகமானால் இன்ஜெக்டரே திறக்கத் திணறும்.

அழுத்தத்தில் கவனிக்க இன்னும் ஒன்று இருக்கிறது. இன்ஜெக்டர் உணர்வது ரெயில் அழுத்தத்தை மட்டும் அல்ல, அதற்கும் மேனிஃபோல்டு அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை. சில கார்களில் ரெயில் அழுத்தம் 4 பார் என்று நிலையாக இருக்கும். அத்தகைய எஞ்சினில் 8 பி.எஸ்.ஐ. பூஸ்ட் எதிரே நின்று தள்ளினால், பெட்ரோல் அதிகம் வேண்டிய அதே நேரத்தில் பாய்ச்சல் 7 சதவீதம் குறையும். பூஸ்ட் ஏறும் அளவுக்கே ரெயில் அழுத்தத்தையும் ஏற்றும் ரெகுலேட்டர் இருந்தால் இந்தச் சிக்கல் இல்லை. கோப்ராவில் இந்த வேலையைக் கணினியே செய்கிறது. ரெயிலில் உள்ள சென்சார் வித்தியாசத்தை அளந்து சொல்ல, பம்பின் வேகத்தைக் கூட்டிக் குறைத்து அதை நிலையாக வைக்கிறது.

இவ்வளவு தொல்லை எதற்கு, 80 பவுண்டு, 100 பவுண்டு என்று பெரிதாக வாங்கிவிட்டால் போதாதா என்று தோன்றலாம். உச்ச வேகத்துக்குப் போதும். சிக்னலில் நிற்கும்போதுதான் பிரச்சினை.

மின்சாரம் கொடுத்த கணத்தில் இன்ஜெக்டர் திறந்துவிடாது. காந்தம் வலுப்பெற்று ஊசியைத் தூக்க ஏறக்குறைய ஒரு மில்லிசெகண்டு ஆகும். இதை டெட் டைம் என்பார்கள், பெட்ரோல் பாயாத நேரம். பேட்டரி வோல்டேஜ் குறைந்தால் இது நீளும். அதனால் கணினி, தேவையான நேரத்தோடு டெட் டைமையும் கூட்டித்தான் உத்தரவு போடுகிறது. ஐட்லிங்கில் 39 பவுண்டு இன்ஜெக்டர் உண்மையில் பாய்ச்சும் நேரம் 1.5 மில்லிசெகண்டு என்று வைத்துக்கொள்வோம். கணினியில் உள்ள டெட் டைம் எண்ணில் 0.2 மில்லிசெகண்டு பிழை இருந்தால் கலவையில் 13 சதவீதம் தவறும். அதே வேலைக்கு 80 பவுண்டு இன்ஜெக்டர் 0.73 மில்லிசெகண்டுதான் பாய்ச்ச வேண்டும். அதே 0.2 பிழை அங்கே 27 சதவீதம். போதாததற்கு, இவ்வளவு குறுகிய திறப்பில் பல இன்ஜெக்டர்கள் ஒருமுறை விட்டதுபோல் மறுமுறை விடுவதில்லை. ஒரு ஸ்பூன் எண்ணெயை அண்டாவைச் சாய்த்து ஊற்றுகிற மாதிரி. ஐட்லிங் தடுமாறும், பெட்ரோல் வாடை அடிக்கும், காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும்.

ஆகவே புது இன்ஜெக்டரைப் பற்றிக் கணினிக்குச் சரியாகச் சொல்லியாக வேண்டும். எத்தனை பவுண்டு, எந்த அழுத்தத்தில், எந்த வோல்டேஜுக்கு எவ்வளவு டெட் டைம். அந்த 1990-களில் கணினியைத் திறந்து மாற்றுவது எல்லோருக்கும் கைகூடவில்லை. அதனால் உள்ளே வரும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ மீட்டரைத் திருத்தி விற்றார்கள். 19-க்குப் பதில் 30 பவுண்டு இன்ஜெக்டர் போட்டால், மீட்டர் காற்றை 30-க்கு 19 என்ற விகிதத்தில் குறைத்துச் சொல்லும். கணினி ஏமாந்து குறைந்த நேரம் திறக்கும், பெட்ரோல் கணக்கு நேராகிவிடும். சாமர்த்தியம்தான். ஆனால் காற்று குறைவு என்று நம்பிய கணினி, எஞ்சின் மேல் பாரமும் குறைவு என்று எடுத்துக்கொண்டு தீப்பொறியை முன்கூட்டியே விடும். பூஸ்டில் ஓடும் எஞ்சினுக்கு அதைப் போல ஆபத்து வேறில்லை.

மற்றவை பொருத்தம் பார்க்கும் வேலை. காயிலின் மின்தடை 12 முதல் 16 ஓம் உள்ள வகை ஒன்று, 2 முதல் 3 ஓம் உள்ள வகை ஒன்று. முதல் வகைக்குச் செய்த கணினியில் இரண்டாவதை அப்படியே மாட்டினால், ஒரு ஆம்பியர் போக வேண்டிய இடத்தில் அதைப் போலப் பல மடங்கு போய் கணினி எரியக்கூடும். நீளம், ஓ-ரிங், கனெக்டர் மூன்றும் ஒத்துவர வேண்டும். கோப்ராவைப் போல ஒரு சிலிண்டருக்கு நான்கு வால்வு உள்ள எஞ்சினில், பீய்ச்சல் இரண்டு இன்டேக் வால்வுகளையும் நோக்கிப் பிரிந்து போவது நல்லது. எட்டும் ஒரே அளவு பாய்ச்ச வேண்டும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஒரு பக்கத்து நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து ஒரே ஆக்ஸிஜன் சென்சார்தான் கணினிக்குத் தகவல் தருகிறது. மூன்று கொழுத்து ஒன்று மெலிந்தாலும் சராசரி சரியாகவே தெரியும். உடைவது அந்த ஒன்று.

எத்தனால் கலந்தால் எண் ஏறும். 85 சதவீத எத்தனாலுக்கு 30 சதவீதத்துக்கு மேல் கூடுதலாகப் பாய்ச்ச வேண்டும். நம் பெட்ரோல் பங்க்குகளில் இப்போது கிடைக்கும் 20 சதவீதக் கலப்புக்கு 8 சதவீதம் அளவில் கூடும். எல்லை ஒட்டிக் கணக்குப் போட்டவருக்கு இதுவே போதும், கோட்டைத் தாண்டிவிட.

500 குதிரைத்திறன் நினைக்கும் கோப்ராக்காரருக்கு 47-க்கும் 60-க்கும் நடுவில், டெட் டைம் அட்டவணையோடு வரும் எட்டு இன்ஜெக்டர் போதும் என்றே எனக்குப் படுகிறது. 60 பவுண்டில் டியூட்டி சைக்கிள் 62 சதவீதம், ஐட்லிங்கும் கைக்குள் நிற்கும். பிறகு எத்தனாலுக்கு மாற நினைப்பவர் அதற்குமேல் போக நியாயம் இருக்கிறது. மற்றபடி, அட்டவணை இல்லாத 80-ஐவிட அட்டவணை உள்ள 50 எனக்கு மேலானது.

பொருத்திய பின் கணினி செய்யும் திருத்தங்களைப் படித்தால் தவறு எங்கே என்று தெரியும். ஐட்லிங்கில் மட்டும் திருத்தம் அதிகமாக இருந்தால் டெட் டைம் எண் தவறு. எல்லா வேகத்திலும் ஒரே அளவு விலகினால் பாய்ச்சல் எண் தவறு. கீழே எல்லாம் சரியாக இருந்து உச்சத்தில் மட்டும் கலவை மெலிந்தால் இன்ஜெக்டரைக் குறை சொல்ல வேண்டாம். 300 பவுண்டு என்பது மணிக்கு 185 லிட்டர் பெட்ரோல். அவ்வளவை அந்த அழுத்தத்தில் பம்பு தருகிறதா, பம்புக்குப் போகும் வயரில் வோல்டேஜ் முழுதாக இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.