எந்திரனா, 2.0-வா?



2.0தான் பெரிய படம் என்று குடும்ப குரூப்பில் வாதாடுகிறீர்கள். செலவில் பெரிய படம், சரி. விஷயத்தில்?

2010-ல் வந்த எந்திரனில், தீப்பிடித்த வீட்டில் குளித்துக்கொண்டிருந்த பெண்ணைச் சிட்டி ரோபோ அப்படியே ஊர் நடுவில் தூக்கி வருகிறது. அவள் கூனிக்குறுகி ஓடி, வண்டியில் அடிபட்டுச் சாகிறாள். அறிவு இருந்தால் போதுமா என்று அந்த ஒரு காட்சியே கேட்டுவிட்டது. வசனத்தில் சுஜாதாவின் கை இருந்த படமல்லவா!

2018-ல் வந்த 2.0 கேள்வியே கேட்கவில்லை, நேராகத் தீர்ப்பு எழுதியது. செல்போன் கதிர்வீச்சுதான் பறவைகளைக் கொல்கிறதாம். அதற்கு உறுதியான அறிவியல் சான்று கிடையாது. நம் எண்ணூரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் கூழைக்கடாக்களின் சிறகில் அப்பியது கதிர்வீச்சா, எண்ணெயா? கொசஸ்தலையாற்றில் படிந்து கிடப்பது செல்போனா, அனல்மின் நிலையச் சாம்பலா?

பறவைக்காக அழுத படம், கையில் செல்போன் வைத்திருந்தவனைப் பிடித்தது, ஆலையை விட்டுவிட்டது.

"படத்துல காட்டினாங்களே" என்று உங்கள் பிள்ளைகள் சொன்னால், "சான்று எங்கே?" என்று கேளுங்கள். வகுப்பில் நான் உங்களைக் கேட்டதும் அதைத்தானே!