அடகு வைத்து மெக்புக் வேண்டாம்



கெம்பஸ் போகும் மகளுக்கு மெக்புக் எயார் வாங்க, மனைவியின் தோட்டை அடகு வைக்கப் போவதாக ஒரு தகப்பன் சொன்னார். வேண்டாம் என்றேன்.

1,000 ரூபாய் நாட்சம்பளத்துக்கே 2021 வரை போராடிய சனம் நாம். மெக்புக் நல்ல சாமான்தான். எடை குறைவு, பேட்டரி நிற்கும். ஆனால் ரேமைப் பிறகு கூட்டவே முடியாது.

2018இல் வந்த திங்க்பேட் டி480ஐப் பாருங்கள். கம்பனிகளுக்கென்றே செய்தது. ரேம் கூட்டலாம், பின்பக்க பேட்டரியைக் கையாலேயே கழற்றி மாற்றலாம். பாவித்தது போதும். இன்டெல் 8ஆம் தலைமுறைக்குக் குறைந்தது மட்டும் வேண்டாம். விண்டோஸ் 11க்கு ஏற்காது. திரை, கீபோர்ட், சார்ஜர் மூன்றையும் போட்டுப் பார்த்தே காசைக் கொடுங்கள்.

வட்டியில் வந்த ஆப்பிள் பிள்ளைக்கு இனிக்காது. தோடு வீட்டிலேயே இருக்கட்டும். நாளை போர்டிங் காசுக்கு உதவும்.