"பேரப்பிள்ளைகள்" என்றால் யார்?

மூன்று ஆண்மக்களில் ஒருவரைப் பறிகொடுத்த ஓர் உம்மா, "என் சொத்தில் மூன்றிலொன்று பேரப்பிள்ளைகளுக்கு" என்று வஸிய்யத் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் நினைத்தது வாப்பா இல்லாத இரண்டு பிள்ளைகளை மட்டும்தான். மற்ற மகன்மார் உயிரோடு இருப்பதால் அந்த யத்தீம்களுக்கு வாரிசுப் பங்கு கிடையாது. அதற்காகத்தானே எழுதினார்! ஆனால் அவர் மௌத்தான பின் தாளில் இருப்பது அந்த ஒரு சொல்தான். எல்லாப் பேரப்பிள்ளைகளும் பங்கு கேட்கலாம். கேட்டால் அது ஒன்பது, பத்தாகச் சிதறிப் போகும்.

"தங்கச்சிக்கு" என்பதும் அப்படித்தான். சாச்சியின் மகளையும் நாம் தங்கச்சி என்றுதான் கூப்பிடுகிறோம். கூடப்பிறந்தவள் வாரிசாக வந்தால், மற்ற வாரிசுகள் சம்மதித்தாலன்றி ஷரீஅத்படி அந்த வஸிய்யத் செல்லாது. சாச்சி மகள் வாரிசல்லாதபோது மூன்றிலொன்றுக்குள் செல்லும்.

ஆகவே, "மௌத்தான என் மகன் இன்னாரின் பிள்ளைகள்" என்று எழுதி, ஒவ்வொருவரின் முழுப்பெயரையும் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி சேருங்கள். பின்பு ஒரு நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும், அல்லது நொத்தாரிசு இல்லாமல் ஐந்து சாட்சிகள் ஒன்றாயிருக்கக் கையொப்பமிடுங்கள். வீட்டில் கூப்பிடும் பெயரை மட்டும் போட்டுவிடாதீர்கள்; நம் குடும்பங்களில் எத்தனை "பேபி"கள்!