நான்கு பக்கமும் கோடு



தச்சுவேலைக்குப் பெண்ணின் கையில் பலம் போதாதென்பார்கள். நான் பலத்தை நம்பி, மூன்றங்குலத் தடிப்பான முதிரைக் காலை ஒரு பக்கம் மட்டும் கோடிட்டு ஒரே மூச்சில் அறுத்தேன். வாள் உள்ளே சாய்ந்தது. மேசை ஆடியது, திரும்பி வந்தது. மரக்காசும் கூலியும் எனக்கு நட்டம்.

இப்போதும் கைவாளும் மூலைமட்டமும்தான் என்னிடம் உண்டு. மட்டத்தின் பிடியை அடுத்தடுத்த இரு பக்கங்களில் மட்டும் பதித்து, நான்கு பக்கமும் கத்திமுனையால் கோடு கீறுகிறேன். கடைசிக் கோடு முதற்கோட்டைத் தொடாவிட்டால் வாளை எடுப்பதில்லை. பக்கத்துக்கு அரை அங்குலம் அறுத்து, மரத்தைத் திருப்பி அடுத்த பக்கம் அறுப்பேன். முன்வெட்டுகளே வாளுக்கு வழிகாட்டும். நடுவில் மிஞ்சும் மேட்டை உளியால் சீவிவிடலாம்.

சகோதரிகளே, கோடு கீறப் பத்து நிமிடம் போதும். அறுத்த மரம் மீண்டும் வளராது.