தோரண வாயிலும் மஞ்சள் கற்களும்



அண்மையில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு ‘என்னைக் கவர்ந்த நகர்ப்பகுதி’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதக் கொடுத்தேன். பாதிப்பேர் பிரிக்பீல்ட்சைத் தேர்ந்தெடுத்து வளைவுகளையும் நீரூற்றையும் யானைச் சிலைகளையும் வருணித்திருந்தனர். ஒரு மாணவி மட்டும், மஞ்சள் கற்களின்மேல் மோட்டார் சைக்கிள் நின்றதால் கண் தெரியாத ஐயா ஒருவர் சாலையில் இறங்கி நடந்தார் என்று எழுதியிருந்தாள். அவளுக்கே முழுப் புள்ளி வழங்கினேன்.

‘லிட்டில் இந்தியா’ மேம்பாட்டுத் திட்டம் ஏறத்தாழ 35 மில்லியன் ரிங்கிட் செலவில் நிறைவேறியது. 2010 அக்டோபர் 27ஆம் நாள் அன்றைய பிரதமர்கள் நஜிப்பும் மன்மோகன் சிங்கும் அதனைத் திறந்து வைத்தனர். 2015இல் இந்தியாவின் அன்பளிப்பாகத் தோரண வாயிலும் வந்து சேர்ந்தது. நாம் பெருமையோடு நிழற்படம் எடுத்துக்கொண்டோம். நானும்தான், மறுக்கவில்லை.

ஆயினும் அவ்வட்டாரம் நம் கடைகளுக்கும் கோயில்களுக்கும் மட்டும் உரியதன்று. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் அமைந்துள்ளது. பார்வையற்றோர் பலர் அங்கேயே வசித்துத் தொழில் செய்கின்றனர். நடைபாதையில் பதித்துள்ள மஞ்சள் கற்கள் அழகுக்காக வந்தவை அல்ல. நீள்கோட்டுப் புடைப்பு இருந்தால் நடக்கலாம். வட்டப் புடைப்பு வந்தால் நின்று கவனிக்க வேண்டும். கோலாலும் காலாலும் அவர்கள் படிக்கும் எழுத்து அது. அதன்மேல்தான் நாம் வண்டியை நிறுத்துகிறோம். விளம்பரப் பலகையை வைக்கிறோம். பண்டிகைக் காலத்தில் மேசையும் போடுகிறோம்.

“இடமில்லையே, என்ன செய்வது?” என்பர். வளைவு நடுவதற்கும் நீரூற்று அமைப்பதற்கும் மட்டும் எங்கிருந்து இடம் கிடைத்தது?

அந்தத் திட்டத்திற்கு ஈராண்டு முன்னரே மாற்றுத் திறனாளிகள் சட்டம் நடப்புக்கு வந்துவிட்டது. பொது வசதிகளைப் பயன்படுத்தும் உரிமையை 2008ஆம் ஆண்டின் அச்சட்டம் 26ஆம் பிரிவில் ஏற்றுக்கொண்டது. ஆனால் அவ்வுரிமையை மீறுவோருக்குத் தண்டனை எதனையும் அது வகுக்கவில்லை. போதாக்குறைக்கு, அரசாங்கத்தின்மீது வழக்குத் தொடுக்க இயலாதவாறு 41ஆம் பிரிவு வேலியும் போட்டுவிட்டது. வீட்டுப்பாடம் கொடுத்துவிட்டு ஏட்டைத் திறந்தே பார்க்காத ஆசிரியரை நீங்கள் சும்மா விடுவீர்களா, பெற்றோர்களே? பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் பிய்த்து எடுத்துவிட மாட்டீர்களா?

நகர மேம்பாடு என்றால் முதற்செலவு நடைபாதைக்கும் அதனைக் கண்காணிப்பதற்கும் ஆகட்டும். வண்ண விளக்கு அடுத்த ஆண்டு வரலாம். ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

தீபாவளிக்குத் துணிமணி வாங்கப் பிள்ளைகளோடு அங்கே போவீர்கள். மகிழுந்தை எங்கே நிறுத்தப் போகிறீர்கள்?