குரல் வந்த பிறகே கையொப்பம்

விண்டோஸ் 10-க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14-இல் நிறுத்தியது. கண்டி மாவட்டத்தின் செயலகங்களும் பாடசாலைகளும் நூலகங்களும் விண்டோஸ் 11-க்கு மாறாமல் நெடுநாள் ஓட்ட முடியாது. விண்டோஸ் 11 கோரும் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு இல்லாத பழைய கணினிகளைக் கழித்துப் புதியவை வாங்கவும் நேரும். விழிப்புலனற்ற ஊழியரையும் மாணவரையும் கலந்தாலோசிக்காமல் இந்த மாற்றம் நடக்கக்கூடாது என்பது எமது நிலைப்பாடு.

பொத்தான் இடம் மாறினால் பார்வையுள்ளவர் தேடிக்கொள்வார். திரையில் உள்ளதைக் குரலாக்கும் திரைவாசிப்பானை நம்பியிருப்பவருக்குக் குரல் நின்றால் வேலையே நின்றது. ஜாஸ் என்ற திரைவாசிப்பானின் பழைய பதிப்பு புதிய விண்டோஸில் ஒழுங்காக இயங்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. புதிய பதிப்புக்குப் பணம் வேண்டும். ஆனால் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம். பார்வையற்ற ஒஸ்திரேலிய இளைஞர் மைக்கேல் கரன் 2006-இல் தொடங்கி, அவரைப் போலவே பார்வையற்ற ஜேம்ஸ் டேயுடன் சேர்ந்து வளர்த்த மென்பொருள் அது, தமிழும் வாசிக்கும். அதை நிறுவச் சில நிமிடங்கள் போதும். ஆனால் நிர்வாகக் கடவுச்சொல் பயனரிடம் இல்லை. பென்டிரைவில் கொண்டுவந்து இயக்கலாமென்றால், பல அலுவலகங்களில் அதற்கும் தடை.

இன்னொரு தடை நாமே வளர்த்தது. பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட கடிதம் கண்ணுக்கு மட்டுமே தமிழ். 'அம்மா' என்ற சொல் கணினிக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றே கிடக்கிறது. திரைவாசிப்பான் அதைத்தான் உளறும். ஸ்கேன் செய்து படமாக அனுப்பும் சுற்றறிக்கையோ வாயே திறக்காது. எந்தப் புதிய விண்டோஸும் இதைத் தீர்க்காது. கணினியை மாற்றும்போதே யூனிகோடுக்கும் மாறியாக வேண்டும்.

இலங்கையின் 1996-ஆம் ஆண்டின் 28-ஆம் இலக்கச் சட்டம் வேலைக்குச் சேர்ப்பதிலும் கல்வி நிலைய அனுமதியிலும் மாற்றுத்திறனாளிகளுக்குப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. 2016-இல் இலங்கை ஏற்புறுதி அளித்த, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தின் 9-ஆம் உறுப்புரை தகவல் தொழில்நுட்பத்தையும் அணுகத்தக்கதாக்கக் கோருகிறது. வேலைக்கு எடுத்துவிட்டுப் பேசாத கணினிமுன் ஒருவரை உட்காரவைப்பது அந்தச் சட்டத்தின் நோக்கத்தையே தோற்கடிப்பது.

என்விடிஏ இலவசம் என்பதால் நிதியில்லை என்ற பதில் இங்கே செல்லாது. மத்திய மாகாண சபையும் கண்டி மாநகர சபையும் அடுத்த கணினி விலைமனுவிலேயே ஒரு நிபந்தனை சேர்க்கட்டும்: விழிப்புலனற்ற ஒருவர் அந்தக் கணினியில் ஒரு படிவத்தைத் திறந்து, நிரப்பி, அனுப்பிக் காட்டும்வரை எந்த அதிகாரியும் பொறுப்பேற்றுக் கையொப்பமிடக்கூடாது.