மந்தபுத்தி யார் தந்த சீதனம்?

"தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது" என்ற வாசகத்தை மாத்தளையின் ஆசிரியர் ஓய்வறைகளில் நாம் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டோம். சாதியையும் தாயையும் காரணம் காட்டும் மேதாவிகள், அப்பிள்ளை தவழ்ந்த அறையின் கதவு நிலையை ஒருமுறையேனும் சுரண்டிப் பார்த்ததுண்டா?

ஈயம் குழந்தையின் மூளையைத் தாக்குகிறது. அறிவையும் கவனத்தையும் குறைக்கிறது. தீங்கற்ற அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். வளர்ந்தவரைவிட நான்கைந்து மடங்கு ஈயத்தைச் சிறு குழந்தையின் உடல் உறிஞ்சுகிறது. இரும்புச்சத்தும் சுண்ணச்சத்தும் குன்றிய உடலோ இன்னும் அதிகமாக உறிஞ்சும். ரொட்டியும் சாயத்தண்ணீருமாக வளரும் எல்கடுவ, இரத்தோட்டைப் பிள்ளையைப் பற்றிக்கொள்ள நஞ்சுக்கு வேறென்ன வேண்டும்?

எல்லாக் குறைக்கும் ஈயமே காரணம் என்று நாம் சொல்லவில்லை. ஆசிரியரில்லாத வகுப்புகளும் உண்டு. அது தனிக் கதை.

விறாந்தைக் கிராதிகளின் வர்ணப்பூச்சுக் குழந்தைகளுக்கு நஞ்சூட்டுகிறது என்று பிரிஸ்பேன் நகரத்து வைத்தியர் லொக்ஹார்ட் கிப்சன் 1904இலேயே எழுதினார். வர்ணப்பூச்சில் ஈயத்துக்கு எல்லை வகுத்த விதி இலங்கையில் நடைமுறைக்கு வந்ததோ 2013 ஜனவரி முதலாம் திகதி! அதன் விசித்திரத்தையும் கேளுங்கள். விளையாட்டுப் பொருளின் பூச்சில் பத்து லட்சத்துக்கு 90 பங்கு. கதவுக்கும் சன்னலுக்கும் பூசும் எனாமலில் 600 பங்கு! பொம்மையைக் கடிக்கும் பிள்ளை சன்னற்கட்டையைக் கடிக்காது என்று உறுதிமொழி கொடுத்தவர் யார்? லயக் காம்பராவில் சன்னற்கட்டைதானே பொம்மை! கடிக்கவும் வேண்டியதில்லை. திறந்து மூடும் உராய்வில் உதிரும் தூசி தரையில் படிகிறது. தவழும் கை வாய்க்குப் போகிறது. பழைய பூச்சை உலர்ந்தபடியே உரசித் தேய்க்கும் நாளில் அத்தூசி பன்மடங்காகும். விதி பிறக்குமுன் பூசிய பூச்சு, வர்த்தமானியைப் படித்துவிட்டுச் சுவரைவிட்டு இறங்கிப் போகவுமில்லை.

தாய்மாருக்குக் கிடைப்பதோ "கையைக் கழுவுங்கள்" என்ற உபதேசம். கழுவட்டும், நல்லதுதான். ஆனால் பீலியில் வரிசை நிற்பவளின் பெயரில் லயத்தின் உறுதி இல்லை. பூச்சுக்கு எல்லை வகுத்தவளும் அவளல்ல.

அரசு மனம்வைத்தால் ஆகாதா? மஞ்சளுக்கு நிறமேற்ற ஈயக் குரோமேற்றுக் கலந்த வங்காளதேசத்தில், 2019இல் மாதிரிகளில் 47 வீதம் நஞ்சாயிருந்தது. சந்தைகளில் சோதித்தார்கள், தண்டித்தார்கள். 2021இல் அது பூச்சியம். வாசனைத் திரவியத்தால் பிழைக்கும் மாத்தளைக்கு இச்செய்தி எட்டவில்லையா?

நாம் கேட்பது பெரிதல்ல. மாவட்டத்தின் ஒவ்வொரு பிள்ளை மடுவத்திலும் பூச்சைச் சுரண்டிச் சோதியுங்கள். பிள்ளைகளின் இரத்தத்தைச் சோதியுங்கள். பெறுபேற்றைத் தமிழில் எழுதி அந்த வாசற்கதவிலேயே ஒட்டுங்கள்.